மெத்தில்பெனிடேட் மாத்திரையும் சிகரெட்டும்: யாருக்காவது படபடப்பு வருகிறதா?

கோரிமேட்டான் | ஞாயிறு, இரவு 10.18

வணக்கம். சேலத்தில் ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வயது 31. போன வருடம்தான் ஏ.டி.எச்.டி. (கவனம் நிலைக்காத, துறுதுறுப்பு மிகுந்த கோளாறு) என்று உறுதிசெய்து மெத்தில்பெனிடேட் எழுதிக் கொடுத்தார்கள். பன்னிரண்டு மணி நேரம் மெதுவாகக் கரைகிற வகை, காலை ஏழு மணிக்கு ஒன்று. பலன் இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. ஒரு கம்பெனியின் பேரேட்டை நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் முடிக்கிறேன்; பழைய நாட்களில் நடக்கிற காரியமா அது?

பிரச்சினை மதியம்தான். சாப்பிட்டுவிட்டு ஐந்து ரோட்டுப் பக்கம் பெட்டிக்கடையில் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தால், பாதி முடிவதற்குள் நெஞ்சு திடும் திடும் என்று அடிக்கிறது. கைக்கடிகாரம் நேற்று 118 காட்டியது. நான் ஓடவுமில்லை, மாடிப்படி ஏறவுமில்லை, சும்மா நின்றுகொண்டிருந்தேன். உள்ளங்கை வியர்க்கிறது, தாடை தானாக இறுகிக்கொள்கிறது. மாத்திரை தொடங்குவதற்கு முன் இதே கடை, இதே சிகரெட், ஒன்றும் ஆனதில்லை. இன்னொரு வினோதம்: பகலில் சிகரெட் குறைந்திருக்கிறது, இரவு ஏழு மணிக்கு மேல் ஏறியிருக்கிறது.

மருத்துவருக்கு நான் புகைப்பது தெரியாது. முதல் நாள் அப்பாவும் உடன் வந்திருந்தார். "பீடி, சிகரெட் உண்டா?" என்று கேட்டதும் நான் வாயைத் திறப்பதற்குள் "அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது டாக்டர்" என்று அவர் முந்திக்கொண்டார். சீட்டிலும் அப்படியே எழுதப்பட்டுவிட்டது.

இரண்டும் சேர்ந்தால் ஆபத்தா? சிகரெட் மாத்திரையின் வேலையைக் கெடுக்குமா?

குகைக் கறார் | ஞாயிறு, இரவு 10.31

சிகரெட்டை விடுங்கள். விஷயம் முடிந்தது.

தறிச்சத்தம் | ஞாயிறு, இரவு 10.40

விட முடிந்தவர் இந்த நேரத்தில் இங்கே வந்து ஏன் கேட்கப்போகிறார் அண்ணா? கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

நாகலூர் காப்பி | திங்கள், காலை 6.05

தம்பி, சிகரெட் மருந்தை எரித்துவிடும் என்றுதான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன். என் மைத்துனருக்கு ஓலான்சபின் என்ற மனநல மருந்து கொடுத்தபோது மருத்துவர் முதலில் விசாரித்ததே ஒரு நாளைக்கு எத்தனை பீடி என்பதைத்தான். புகைப்பவர்களுக்கு ஈரல் மருந்தைச் சீக்கிரம் கழித்துவிடும், அளவைக் கூட்டவேண்டி வரும் என்றார். உங்கள் மாத்திரையும் அப்படித்தான் இருக்கும்.

படபடப்புக்குக் காப்பியையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். 1820களில் கலெக்டர் காக்பர்ன் இந்த மலையில் காப்பியை ஊன்றினார். அன்றிலிருந்து அதன் மேல் பழி போட ஏற்காட்டில் யாருக்கும் மனம் வருவதில்லை. நானே காப்பி விற்றுப் பிழைக்கிறவன், இருந்தாலும் சொல்கிறேன்.

வெள்ளைக்கோட்டு | திங்கள், இரவு 9.52

மனநல மருத்துவத்தில் முதுநிலை படிக்கிறேன், சொந்த ஊர் ஆத்தூர். பொதுவாகச் சொல்கிறேன்; உங்கள் மருத்துவர் இடத்தில் என்னை வைத்துக்கொள்ளாதீர்கள்.

நாகலூர் ஐயா சொன்னது ஓலான்சபினுக்கும் குளோசபினுக்கும் முழு உண்மை. புகையிலிருக்கும் தார்ப் பொருட்கள் ஈரலில் ஒரு நொதியை முடுக்கிவிடும். அந்த நொதி சிதைக்கிற மருந்துகளின் அளவு ரத்தத்தில் இறங்கிவிடும். மெத்தில்பெனிடேட் அந்த வழியில் போவதில்லை. அதைச் சிதைப்பது கார்பாக்சிலெஸ்டரேஸ் என்ற வேறொரு நொதி. ஆகவே "சிகரெட்டில் எரிந்துபோன மாத்திரைக்கு ஈடாக இன்னொன்று போட்டுக்கொள்ளலாம்" என்ற கணக்கை யாரும் போடவேண்டாம். மாத்திரை உடம்பில் அப்படியேதான் இருக்கிறது. நிக்கோட்டின் அதற்கு மேல் ஏறுகிறது.

மெத்தில்பெனிடேட், மூளையில் செய்தி கடத்துகிற டோபமைன், நார் அட்ரினலின் என்ற வேதிப்பொருட்கள் நரம்பு முனைக்குள் திரும்பிப் போகாமல் தடுக்கிறது. நிக்கோட்டினோ அவற்றைப் புதிதாக வெளியே தள்ளுகிறது, அட்ரினல் சுரப்பியையும் உசுப்புகிறது. ஒன்று வடிகாலை அடைக்கிறது, மற்றது குழாயைத் திறந்துவிடுகிறது. ஒரு சிகரெட் உடனடியாக இதயத் துடிப்பை நிமிடத்துக்கு 10 முதல் 15 வரை கூட்டக்கூடும். ரத்த அழுத்தம் 5 முதல் 10 புள்ளி ஏறும். மாத்திரை தன் பங்குக்குச் சராசரியாகத் துடிப்பை 3 முதல் 6 வரையும் அழுத்தத்தை 2 முதல் 4 வரையும் ஏற்றும். சராசரி சின்னதாகத் தெரிகிறது. சிலருக்கு அதற்கு மேல் நன்றாகவே ஏறும், யாருக்கு என்று அளந்து பார்த்தால்தான் தெரியும்.

இதோடு புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரத்தச் சிவப்பணுவில் ஆக்சிஜன் உட்காரவேண்டிய இடத்தில் அது 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு உட்கார்ந்துகொள்கிறது. வேகமாக அடிக்கிற இதயத்துக்கு ஆக்சிஜன் அதிகம் வேண்டும். வருவதோ குறைவு, அதுவும் நிக்கோட்டினால் சுருங்கிய குழாய் வழியாக.

உங்களுக்கு ஏன் மதியம் மட்டும் இப்படி? பன்னிரண்டு மணி நேர வகை மாத்திரை ரத்தத்தில் உச்சத்துக்கு வருவது போட்ட ஆறிலிருந்து பத்து மணி நேரத்துக்குள். காலை ஏழு மணிக்குப் போட்டால் மதியம் ஒன்றிலிருந்து மாலை ஐந்து வரை. சாப்பாட்டுக்குப் பிறகு ஆசையாகப் பிடிக்கிற அந்தச் சிகரெட் நேராகப் போய் உச்சியில் உட்காருகிறது. சீக்கிரம் கரைகிற வகையாக இருந்தால் மூன்று நான்கு மணி நேரத்தில் வேகம் அடங்கிவிடும், அங்கே கணக்கு வேறு.

இரவு ஏழு மணி விஷயமும் இதே கடிகாரம்தான். மாத்திரை இறங்குகிற நேரத்தில் பலருக்கு எரிச்சல், நிலைகொள்ளாமை, ஒரு வெறுமை வரும். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற டோபமைன், பெட்டிக்கடையில் இருக்கிறது. அவ்வளவுதான்.

குகைக் கறார் | திங்கள், இரவு 10.15

இவ்வளவு விளக்கத்துக்கும் அடியில் இருக்கிற உண்மையை யாரும் சொல்லவில்லை. கவனம் சிதறுவதற்கெல்லாம் மாத்திரை வந்ததே அமெரிக்காக்காரன் வியாபாரத்துக்கு. எங்கள் காலத்தில் வாத்தியார் ஒரு பார்வை பார்த்தால் கவனம் தானாக வந்துவிடும். ஒரு போதையை விடச் சொல்லி இன்னொரு போதையைக் கொடுக்கிறீர்கள்.

வெள்ளைக்கோட்டு | திங்கள், இரவு 10.37

ஐயா, இப்படிப்பட்ட பிள்ளைகளை ஜார்ஜ் ஸ்டில் என்ற மருத்துவர் லண்டனில் விவரித்துப் பேசியது 1902ல். மெத்தில்பெனிடேட் முதன்முதலில் தயாரிக்கப்பட்டதே 1944ல், அதுவும் சுவிட்சர்லாந்தில். நோய் முன்னால், மாத்திரை பின்னால். வாத்தியாரின் பார்வைக்குப் பயந்து எட்டாம் வகுப்போடு நின்றுபோனவர்களையும் கணக்கில் சேருங்கள்.

போதை என்ற உங்கள் அச்சத்தில் ஒரு பாதி நியாயம் உண்டு. ஏ.டி.எச்.டி. இல்லாத புகைப்பவர்களுக்கு இந்த மருந்தை ஆய்வுக்கூடத்தில் ஒரு வேளை கொடுத்துப் பார்த்தபோது அவர்கள் வழக்கத்தைவிட அதிகமாகப் புகைத்தார்கள். 2005ல் வெளியான ஆய்வு. ஆனால் நோய் உள்ளவர்கள் தொடர்ந்து சிகிச்சை எடுத்தபோது நேர்மாறு. 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014ல் வெளியிட்டார்கள்: ஒழுங்காகச் சிகிச்சை பெற்றவர்களிடையே புகைப் பழக்கம் குறைவு. ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள் மற்றவர்களைவிடச் சின்ன வயதில் தொடங்குகிறார்கள், அதிகம் பேர் புகைக்கிறார்கள், விடுவதற்கும் கூடுதலாகத் திண்டாடுகிறார்கள். நிக்கோட்டின் கொஞ்ச நேரம் கவனத்தைக் கூர்மையாக்கும் என்பதால் சீட்டு இல்லாமல் தங்களுக்குத் தாங்களே வைத்தியம் பார்த்துக்கொள்வதுபோல் ஆகிவிடுகிறது.

ஒண்டிக்கடை வண்டிக்காரன் | செவ்வாய், அதிகாலை 4.48

நானும் இதே மாத்திரைதான். ஏற்காட்டில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். எனக்குப் படபடப்பு அவ்வளவாக இல்லை, விரல்தான் பிரச்சினை. மார்கழி மாதம் விடிவதற்கு முன் சேலம் ரயில் நிலையத்துக்குச் சவாரி இருக்கும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வண்டியைச் சூடேற்றிக்கொண்டே ஒரு சிகரெட். இறங்கத் தொடங்கி நான்கைந்து வளைவு தாண்டியதும் வலது கையில் நடுவிரலும் மோதிரவிரலும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிடும். ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பதே தெரியாது. நகத்தடி நீலமாகி, அடிவாரம் வந்து வெயில் பட்டதும் சிவந்து குத்தும். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. அதில் விரல் மரத்துப்போய் ஓட்டுவது வேடிக்கை இல்லை. குளிர் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். கூட ஓட்டுகிற யாருக்கும் இப்படி இல்லை.

வெள்ளைக்கோட்டு | செவ்வாய், மதியம் 1.20

அண்ணா, இதைத் தள்ளிப்போடாதீர்கள். வெளுப்பு, நீலம், சிவப்பு என்று நீங்கள் வரிசையாகச் சொன்னது ரேனாட் நிலைக்கு அப்படியே பொருந்துகிறது. விரல் நுனியிலுள்ள சின்ன ரத்தக் குழாய்கள் இறுகிப்போவதால் வருவது. இந்த மாத்திரைக்கு அந்தப் பக்கவிளைவு உண்டு என்பது மருந்துத் தாளிலேயே இருக்கிறது. நிக்கோட்டினும் அதே குழாய்களைச் சுருக்கும், குளிரும் சுருக்கும். உங்களுக்கு மூன்றும் ஒரே நேரத்தில். மாத்திரையை மருத்துவர் பார்த்து முடிவு செய்யட்டும். அதுவரை விடியற்காலைச் சிகரெட் இல்லாமல் ஒரு சவாரி இறங்கிப் பாருங்கள், கையுறையும் போடுங்கள். விரல் நுனியில் புண் மாதிரி ஏதாவது தெரிந்தால் அன்றே காட்டவேண்டும்.

அஸ்தம்பட்டி அம்மா | செவ்வாய், மாலை 5.33

என் மகன் பொறியியல் இரண்டாம் ஆண்டு, விடுதியில் இருக்கிறான். பள்ளியிலிருந்தே இந்த மாத்திரை. போன வாரம் துணி துவைக்க எடுத்தபோது சட்டைப்பையில் சிகரெட் அட்டையும் ஒரு காலி மாத்திரைப் பட்டையும் இருந்தன. மாத்திரை கணக்குக்கு மேல் தீர்ந்திருக்கிறது. கேட்டால் பரீட்சைக்கு முன்னால் அறைத்தோழர்களுக்குக் கொடுத்தேன் என்கிறான். அவர்கள் எல்லாரும் புகைப்பவர்கள். நான் மாத்திரையையே நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன். அவனுடைய அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மருந்துக்கடை அக்கா | செவ்வாய், இரவு 9.05

அம்மா, முதலில் அந்தப் பட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இருபது வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறேன்.

இது மற்ற மாத்திரை மாதிரி இல்லை. மருந்து விதிகளில் எக்ஸ் அட்டவணையில் இருக்கிறது. மருத்துவர் சீட்டை இரண்டு பிரதியாக எழுதவேண்டும், ஒன்றை நாங்கள் இரண்டு வருடம் வைத்திருக்கவேண்டும். அதற்குத் தனி உரிமம் உண்டு, அதனால்தான் நான்கு ரோட்டில் ஏறி இறங்கினாலும் பாதிக் கடையில் இருப்பதில்லை. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலிலும் பெயர் இருக்கிறது. ஆகவே நண்பனுக்கு ஒன்று கொடுப்பது உதவி என்று பையன் நினைக்கலாம், சட்டம் அப்படி நினைக்காது.

அதைவிட எனக்குப் பயம் வேறு. உங்கள் மகனுக்கு மாத்திரை எழுதுவதற்கு முன் இதயம், ரத்த அழுத்தம், குடும்பத்தில் திடீர் மரணம் உண்டா என்றெல்லாம் கேட்டிருப்பார்கள். அறைத்தோழனுக்கு யார் கேட்டார்கள்? தூங்காமல், சாப்பிடாமல், மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒரு பெட்டி சிகரெட்டும் ஐந்தாறு காப்பியும் குடித்துவிட்டுப் பரீட்சைக்குப் படிக்கிற பையனுக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஏதாவது கோளாறு இருந்தால், அது அன்று இரவுதான் வெளியே வரும்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டர் தங்கச்சி மேலே எழுதியதைப் படியுங்கள்; நிறுத்தினால் சிகரெட் கூடத்தான் வாய்ப்பு. மாதத்துக்கு மொத்தமாகக் கொடுத்து அனுப்பாமல் வாரத்துக்கு வாரம் கொடுங்கள். அப்பாவிடம் சொல்வது உங்கள் வீட்டு விஷயம், மருத்துவரிடம் சொல்வது மட்டும் தள்ளிப்போகக் கூடாது.

தறிச்சத்தம் | செவ்வாய், இரவு 9.40

எங்கள் தறிக்கூடத்தில் பாதிப் பேர் புகைப்பதில்லை, புகையிலையை வாயில் ஒதுக்கிக்கொள்கிறார்கள். நூலுக்குப் பக்கத்தில் நெருப்பு ஆகாது என்பதால் வந்த வழக்கம். புகை இல்லை என்றால் மாத்திரைக்காரர்களுக்குப் பரவாயில்லையா?

வெள்ளைக்கோட்டு | புதன், காலை 7.10

வாயில் ஒதுக்கினால் கார்பன் மோனாக்சைடு மட்டும்தான் இருக்காது, மற்றபடி பரவாயில்லை என்று சொல்ல முடியாது. நிக்கோட்டின் கன்னத்தின் வழியாக நின்று நிதானமாக ஏறி, சிகரெட்டைவிட நீண்ட நேரம் ரத்தத்தில் தங்கும். துடிப்பும் அழுத்தமும் ஏறுவது அதனால்தான், ஆகவே ஏறும். வாய்ப் புற்றுநோய் தனி. தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013லிருந்து தடை இருக்கிறது; கடைகளில் கிடைப்பதைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. மின் சிகரெட்டைக் கேட்கப்போகிறவர்களுக்கும் சேர்த்து: 2019லிருந்து அதன் விற்பனையும் தடை, அதிலும் நிக்கோட்டின்தான்.

குகைக் கறார் | புதன், காலை 8.02

பெட்டிக்கடையில் சில்லறையாக ஒரு சிகரெட் கொடுக்கிறவரை இவர்கள் யாரும் விடப்போவதில்லை. அட்டையில் 85 விழுக்காடு இடத்தை அழுகிய வாய்ப் படத்துக்கு ஒதுக்கினார்கள். ஒற்றையாக வாங்குகிறவன் அட்டையை எங்கே பார்க்கிறான்?

நாகலூர் காப்பி | புதன், காலை 8.30

இதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன் அண்ணா.

நெறியாளர் | புதன், காலை 11.00

மாத்திரை எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்ட இரண்டு பதிவுகளும் கடைப் பெயர் சொன்ன ஒரு பதிவும் நீக்கப்பட்டன. மருத்துவர் பெயரும் வேண்டாம்.

கோரிமேட்டான் | வெள்ளி, இரவு 8.44

நேற்றுத் தனியாகப் போய் மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. ரத்த அழுத்தம் 144க்கு 92. ஈ.சி.ஜி. எடுத்தார்கள், சரியாக இருக்கிறது. மாத்திரையின் அளவைக் குறைக்கவுமில்லை, கூட்டவுமில்லை. "நீங்கள் புகைப்பதில்லை என்று நினைத்துத்தான் இந்த அளவு வைத்தேன், இப்போது இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது எதனால் என்று எனக்கே தெரியாது" என்றார். அது நியாயமாகப் பட்டது. வீட்டில் ஒரு அழுத்தமானி வாங்கி, மாத்திரைக்கு முன்னும் மதியமும் அளந்து எழுதச் சொன்னார். சிகரெட் பிடித்த நேரத்தையும் பக்கத்தில் எழுதவேண்டும்.

நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், மயக்கம் இவற்றில் ஏதாவது வந்தால் அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காமல் 108ஐ அழைக்கவேண்டும் என்றார். குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு உண்டா என்று கேட்டார். சித்தப்பா ஒருவர் 42 வயதில் போனது ஞாபகம் வந்தது, அதையும் எழுதிக்கொண்டார். அப்பா பக்கத்தில் இருந்திருந்தால் அதையும் "கிடையாது" என்று சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

மதியச் சிகரெட்டை முதலில் விடச் சொன்னார், விட்டுவிட்டேன். இரவுச் சிகரெட் போகவில்லை. முழுக்க விடுவதற்கு ஒரு தேதி வைக்கச் சொல்லியிருக்கிறார். எனக்கு இருக்கிற கவலை: விட்டபின் வேலையில் கவனம் போய்விட்டால்?

வெள்ளைக்கோட்டு | வெள்ளி, இரவு 10.20

போகும், கொஞ்ச நாளைக்கு. இதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. நிக்கோட்டினை விட்டவருக்கு வருகிற நிலைகொள்ளாமை, எரிச்சல், கவனச் சிதறல் எல்லாம் ஏ.டி.எச்.டி.யின் அச்சு. முதல் இரண்டு மூன்று நாள் உச்சம், பிறகு இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்கும். அந்த நேரத்தில்தான் பலரும் "மாத்திரை வேலை செய்வதை நிறுத்திவிட்டது" என்று வந்து அளவைக் கூட்டச் சொல்கிறார்கள். அளவு கூடிவிடும், நிக்கோட்டின் ஏக்கம் தானாக அடங்கும், கூட்டிய அளவு மட்டும் தங்கிவிடும். தணிக்கைக்காரர் நீங்கள், மார்ச் மாதத்தில் தேதி வைக்காதீர்கள்.

மாத்திரை ஒழுங்காக எடுப்பதே சிகரெட்டை நிறுத்திவிடும் என்றும் இருக்கவேண்டாம். புகைக்கும் ஏ.டி.எச்.டி. பெரியவர்கள் 255 பேருக்கு, தோலில் ஒட்டுகிற நிக்கோட்டின் பட்டையோடு இதே மருந்தைக் கொடுத்துப் பார்த்து 2010ல் அமெரிக்காவில் வெளியிட்டார்கள். கவனம் தேறியது, சிகரெட்டை விட்டவர்களின் எண்ணிக்கையோ வெற்று மாத்திரை பெற்றவர்களைவிடக் கூடவில்லை. இரண்டுக்கும் தனித்தனியாகத்தான் பாடுபடவேண்டும். சிகரெட்டை விடுவதற்காகப் புப்ரோபியான் என்ற மாத்திரையை யாராவது பரிந்துரைத்தால் மெத்தில்பெனிடேட் சாப்பிடுவதைக் கட்டாயம் சொல்லுங்கள், வலிப்பு வரும் வாய்ப்பைப் பார்க்கவேண்டியிருக்கும்.

நீண்ட காலக் கணக்கும் ஒன்று. 2023ல் ஸ்வீடனில் 2.78 லட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்ததில், இந்த வகை மருந்துகளை எடுக்கிற ஒவ்வொரு கூடுதல் ஆண்டுக்கும் இதய, ரத்தக்குழாய் நோய் வாய்ப்பு சராசரியாக 4 விழுக்காடு கூடியது. பெரும்பாலும் உயர் ரத்த அழுத்தமும் தமனி நோயும். மருந்தைக் கைவிட இது காரணம் ஆகாது. மருந்து தேவைப்படுகிறவருக்கு, பக்கத்திலேயே இருக்கிற இன்னொரு காரணமான சிகரெட்டைக் கைவிட இது போதும்.

நாகலூர் ஐயாவின் காப்பிக்கு இப்போதுதான் முறை வருகிறது. ஈரலில் புகை முடுக்கிவிடுகிற அந்த நொதிதான் காப்பியையும் சிதைப்பது. சிகரெட்டை விட்டதும் அது மெதுவாகிவிடும். அதே இரண்டு டம்ளர் காப்பிக்கு ரத்தத்தில் காபீன் ஏறத்தாழ இரட்டிப்பாகலாம். படபடப்பும் தூக்கமின்மையும் திரும்பி வரும், பழி மாத்திரையின் மேல் விழும். விடுகிற வாரத்தில் காப்பியைப் பாதியாக்குங்கள்.

நாகலூர் காப்பி | சனி, காலை 6.15

பாதியாக்கட்டும். பாதி ஆனாலும் சிக்கரி கலக்காததாகக் குடிக்கட்டும்.

ஒண்டிக்கடை வண்டிக்காரன் | சனி, காலை 9.25

தேதி வைத்து விடுகிறவர்களுக்கு: சிகரெட் அட்டையிலேயே 1800112356 என்ற இலவச எண் இருக்கிறது. நான் அழைத்துப் பேசினேன். தமிழில் பேசினார்கள், திரும்ப அவர்களே அழைத்தார்கள். விரலை வருகிற வாரம் காட்டுகிறேன்.

கோரிமேட்டான் | சனி, மதியம் 12.10

அக்கா, நிக்கோட்டின் சூயிங்கம் சீட்டு இல்லாமல் கிடைக்குமா? மாத்திரையோடு சேர்ந்து அதுவும் படபடப்பு தராதா?

மருந்துக்கடை அக்கா | சனி, இரவு 9.30

2 மி.கி. சீட்டில்லாமல் கிடைக்கும். 4 மி.கி. வேண்டுமென்றால் சீட்டு கேட்போம். எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் தேடுகிறவர்களுக்குத்தான் அது. நிக்கோட்டின் என்பதால் துடிப்பைக் கொஞ்சம் ஏற்றத்தான் செய்யும், ஆனால் சிகரெட் மாதிரி ஒரே வீச்சில் ஏறாது, கார்பன் மோனாக்சைடும் இல்லை. தொடங்குவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எல்லாரும் தவறு செய்கிற இடம் மெல்லுவதில்தான் தம்பி. மிட்டாய் மாதிரி விடாமல் மென்றால் நிக்கோட்டின் வயிற்றுக்குள் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும், ஏக்கம் அடங்காது. மெதுவாக மெல்லுங்கள், மிளகு கடித்தாற்போல் ஒரு காரம் தெரிந்ததும் நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவிடுங்கள். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள், பக்கத்தை மாற்றி ஒதுக்குங்கள். அரை மணி நேரம் வரும். போடுவதற்குக் கால் மணி நேரத்துக்கு முன்னாலிருந்தே காப்பி, எலுமிச்சைச் சாறு, சோடா எதுவும் கூடாது. புளிப்பு இருந்தால் கன்னம் நிக்கோட்டினை உறிஞ்சாது. இரவு ஏழு மணிக்கு எடுக்கப்போகிறீர்கள் என்றால் ஆறே முக்காலுக்குப் பிறகு காப்பி இல்லை. ஞாயிறு எங்கள் கடை மதியம் வரைதான்.